மைனஸ் இருபத்திரண்டில் ஒரு சாப்

அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு ஐயர் உள்ளே போய் இருபது நிமிடமாகிறது. நான்கு சில்லுக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம், உள்ளே நான், காலைப் பிரேக்கில் அழுத்தியபடி. பிரேக் தேவையில்லை, பொத்தானை ஒருக்கா அமத்தினால் கார் தானாக நிற்கும் என்றுதான் விற்றவன் சொன்னான், ஆனால் தானாக நிற்கத் தெரிந்த ஒன்றுக்குத் தானாகப் போகவும் தெரிந்திருக்கும் அல்லவா, அந்தப் பயத்தில் காலை எடுக்காமல் இருக்கிறேன், தொடை விறைக்கிறது. டிங். இப்போது என்ன? பெல்ட் போடவில்லையாம். அப்பனே, நான் எங்கேயும் போகவில்லை, கோயில் முற்றத்தில் எலுமிச்சம்பழத்துக்குக் காவல் இருக்கிறேன், இதற்கு ஒரு பெல்ட்டா. டிங், டிங், டிங். சரி, போட்டேன். டிங். கதவு ஒழுங்காகச் சாத்தவில்லையாம். திறந்து ஓங்கிச் சாத்தினேன், வெளியில் நின்ற மாமா திடுக்கிட்டுத் திரும்பி, "மெதுவாத் தம்பி, மெதுவா, உது உங்கட தகரமில்லை" என்றார். மாமா என்றால் என் பெண்சாதி கோபிகாவின் அப்பா, சிவபாதம், எங்களுக்காக இந்தக் காரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பவர். என்னுடைய தகரம் முற்றத்தின் அந்தப் பக்கத்தில், உருகிக் கறுத்துப்போன பனிக் குவியலோடு ஒட்டி நிற்கிறது. நேற்றுப் பின்னேரமே கொண்டுவந்து விட்டுவிட்டேன். சாப் 900, இங்கே சுவீடனிலேயே செய்த கார், தொண்ணூற்றோராம் ஆண்டுப் பிறப்பு, என்னைவிட ஐந்து வயது மூப்பு, கரும்பச்சை. பன்னிரண்டு மணிக்கு பெர்ட்டில் என்று ஒரு சுவீடன்காரர் வந்து அதை எடுத்துக்கொண்டு போகப் போகிறார். இப்போது பதினொன்று பத்து. ஐம்பது நிமிடம். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்துவிடும். ஆறு கிழமையாக, ஒன்றரை மாதமாகத் திறக்கவில்லை, இன்னும் ஐம்பது நிமிடம் பெரிய காரியமா.

இந்தப் புது மின்சாரக் காரின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொல்லியும் பிரயோசனமில்லை, இப்போது வருகிற எல்லாவற்றுக்கும் ஒரே முகம்தான், பாவித்துத் தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி வழுவழுவென்று, கடை வாசலில் என்னுடையது என்று வேறு யாரோ ஒருத்தரின் காரின் கதவை இழுத்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். உள்ளே ஒரு பொத்தான் கிடையாது. எல்லாம் கண்ணாடி. சூட்டைக் கூட்ட வேண்டுமென்றால் கண்ணாடியைத் தொட்டு, அதற்குள் ஒரு படத்தைத் தொட்டு, அந்தப் படம் விரிந்து இன்னும் ஆறு படம், இதையெல்லாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும், ரோட்டைப் பார்க்காவிட்டால் டிங். ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு கமரா என் கண்ணைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. காலையில் இங்கே வரும் வழியில் ஒருக்காத் திரும்பிக் கோபிகாவைப் பார்த்தேன், பெண்சாதியை ஒருவன் பார்க்கக் கூடாதா, உடனே ஒரு கோப்பிக் கோப்பையின் படம் வந்து நீங்கள் களைத்திருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள் என்றது. களைத்துத்தான் இருக்கிறேன். அதைக் கார் சொல்லக் கூடாது. ஆறு கிழமையாக நித்திரையில்லை என்பது என் சொந்த விஷயம். இப்படிக் கண்ணைப் பார்த்துப் பார்த்து வேறு எதையெல்லாம் கண்டுபிடிக்கும், யாருக்கெல்லாம் அனுப்பும். சாப் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்குச் சூடு வேண்டுமென்றால் ஒரு குமிழ், கையுறையோடு பிடித்துத் திருப்பலாம், சிவப்புப் பக்கம் சூடு, நீலப் பக்கம் குளிர், முடிந்தது. சாவி போடுகிற இடம் இரண்டு சீற்றுக்கும் நடுவில், கியருக்குப் பக்கத்தில், மோதினால் முழங்காலில் சாவி குத்தக் கூடாது என்று யாரோ ஒரு மனிதன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். கியரை ரிவேர்ஸில் போட்டால்தான் சாவி வெளியில் வரும். போன வருஷம் மாமா ஒருக்கா அதை நகர்த்தப் போய், ஸ்டியரிங்கைச் சுற்றிச் சுற்றிச் சாவித் துவாரம் தேடி, பிறகு கண்டுபிடித்து, நகர்த்தி, திரும்பச் சாவியை எடுக்கத் தெரியாமல் காரைத் திறந்தபடி விட்டுவிட்டு மாடியேறி வந்து, "உங்கட கார் சாவியை விழுங்கிப்போட்டுது தம்பி" என்றார். கோபிகா அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது வயிற்றில் பிள்ளையில்லை.

வயிறு. வேண்டாம், அங்கே போகாதே. சாப்பைப் பார். முன் கண்ணாடி எப்படி வளைந்திருக்கிறது, பொனெற் எப்படி முன்பக்கமாகத் திறக்கிறது, முழுவதும், பெரிய முதலை வாய் மாதிரி, உள்ளே இஞ்சினில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், கை போகும். இந்தப் புதுசின் பொனெற்றைத் திறந்தால் உள்ளே இன்னொரு பிளாஸ்டிக் மூடி, அதற்கு மேல் திறக்காதே என்று ஒரு படம். நீ வாங்கலாம், ஓடலாம், ஆனால் உனக்குத் தெரியக் கூடாது. பிழை வந்தால் யாருடைய பிழை என்று அதுவே தீர்மானித்து அதுவே எழுதி வைத்துக்கொள்ளும். விற்றவன் பெருமையாகச் சொன்னான், எத்தனை மணிக்குச் சார்ஜ் வயரைச் செருகினீர்கள், எத்தனை மணிக்குக் கழற்றினீர்கள், எல்லாம் கைபேசியில் வரும், உங்கள் மனைவியின் கைபேசிக்கும் அனுப்பலாம் என்று. வயரை எத்தனை மணிக்குச் செருகினீர்கள். மாமா என் தோளில் தட்டி, "பாத்தியளே தம்பி, இனி ஒரு குழப்பமும் இல்லை" என்றார். சாப் நல்ல பிறவி. அதற்கு நாட்குறிப்பு எழுதத் தெரியாது. என்ன நடந்ததோ அது நடந்தது, தெரிந்தவன் தெரிந்தவன்தான், இரும்பு வாய் திறக்காது. அதனால்தானே. டிங். மறுபடியும் என்ன? காருக்கு முன்னால் தடை ஏதோ இருக்கிறதாம். இருக்கிறது. எலுமிச்சம்பழம்.

மாமா கதை சொல்லத் தொடங்கிவிட்டார். கண்ணாடி ஏற்றியிருந்தாலும் தெரிகிறது, கை போகிற விதத்திலேயே தெரிகிறது. அர்ச்சனைக்கு வந்த யாரோ ஒருவர் புதுக் காரைப் பார்த்து நின்றிருப்பார், மாமா பிடித்துக்கொண்டிருப்பார். இப்போது சாப்பைக் காட்டுகிறார். இப்போது இரண்டு கையையும் தேய்க்கிறார், அது குளிர். இப்போது சாவியைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார். கண்ணாடியை இறக்கலாமா என்றால் அதற்கும் பொத்தானைக் கண்டுபிடிக்க வேண்டும், இறக்கவே வேண்டாம், எனக்கு மனப்பாடம். "மைனஸ் இருபத்திரண்டு. விடியக்காலமை. பிள்ளைக்கு ஆறாம் மாசம், திடீரெண்டு ரத்தம் படுது. மருமோன் கீழ ஓடுறார். கார் ஸ்டார்ட் ஆகேல்லை. வயர் போட்டிருந்தது, விளங்குதே? வயர் போட்டும் ஸ்டார்ட் ஆகேல்லை!" அந்த இடத்தில் மாமா எப்போதும் ஒரு நிமிடம் நிறுத்துவார். கேட்கிறவர்கள் எப்போதும் உச்சுக்கொட்டுவார்கள். இந்த ஊரில் இருக்கிற எவருக்கும் வயர் என்றால் விளக்கத் தேவையில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பெட்டி, பெட்டியில் இருந்து ஒரு வயர், இரவு படுக்க முதல் அதைக் கொண்டுவந்து காரின் மூக்கில் செருகிவிட்டால் விடியும்போது இஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும். செருகாவிட்டால் எண்ணெய் சீனிப்பாணி மாதிரி இறுகிவிடும். மைனஸ் பத்துவரைக்கும் சமாளிக்கலாம், இருபதைத் தாண்டினால் வயர் போட்டேயாக வேண்டும். இங்கே, சாப்பிட்டியா என்று கேட்கிற மாதிரி, மார்கழி தை மாசங்களில் புருஷன் பெண்சாதி ஒருவரை ஒருவர் கேட்கிற கேள்வி, வயர் போட்டாச்சோ. அம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் எடுத்தது, ரோட்டெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ், அவர்களையும் பிழை சொல்ல முடியாது. நாற்பது நிமிடம் கோபிகா கட்டிடத்தின் வாசல்படியில், என்னுடைய ஜக்கெற்றையும் மேலே போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி இருந்தாள். அழவில்லை. ஒரேயொரு தரம், "அசையிறமாதிரித் தெரியேல்லையப்பா" என்றாள். பிள்ளையைச் சொன்னாள். அந்தக் குரல். நாற்பது நிமிடத்தில் எத்தனையாவது நிமிடம் அது என்று எனக்குத் தெரியாது, ஆனால் இப்போதும் எந்த நேரத்திலும், பல் தீட்டும்போது, வேலைத்தலத்தில் பெட்டி அடுக்கும்போது, அந்த நிமிடம் வந்து நிற்கிறது. பிறகு எல்லாம் சரி. தாய்க்கும் ஒன்றுமில்லை, பிள்ளைக்கும் ஒன்றுமில்லை, படுத்திருங்கோ, பாரம் தூக்காதேங்கோ என்று நான்கு நாளில் வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். எல்லாம் சரியென்றால் பிறகு என்ன? பிறகு ஒன்றுமில்லை. பிறகு சாப்தான் மிச்சம்.

அதற்குப் பிறகு அதை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. முன்பு கோயிலில் பெடியள் கேலி செய்வார்கள், "கஜீபன்ர கப்பல் வருது, துறைமுகத்தைத் திறவுங்கோடா" என்று, நான் சிரித்துக்கொண்டு நிறுத்துவேன், இரண்டு பேராவது வந்து பொனெற்றைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இப்போது கேலியுமில்லை. ஏதோ கடித்த நாயைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறார்கள். ஒரு பெண் என்னிடமே வந்து, "பாவம் தம்பி, நீங்கள் அதை எவ்வளவு நம்பியிருந்தனீங்கள்" என்றாள். நான் தலையாட்டினேன். தலையாட்டினேன்! எனக்கு அந்தத் தலையைக் கழற்றி எறிய வேண்டும்போல இருந்தது. கோபிகா மட்டும் அதைக் குறை சொல்லவில்லை. மாமா புதுக் கார் என்று தொடங்கியபோது, "உங்கட விருப்பம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு அதில இனி ஏறப் பயமாக் கிடக்கு. ஆனால் உங்கட விருப்பம்." பயமாக் கிடக்கு என்று ஒருத்தி சொன்ன பிறகு விருப்பம் எங்கே இருக்கிறது. விற்கிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள், எனக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்துப் பிடித்தாள், அந்தக் கையை நான் பிடுங்காமல் வைத்திருந்தேன், அதுதான்.

சரி. வந்துவிட்டேன் அந்த இடத்துக்கு. எத்தனை தரம் சுற்றினாலும் இங்கேதான் வந்து இடறுகிறேன். அன்று இரவு நான் சோபாவில் படுத்திருந்தேன். நெஞ்சில் கைபேசி. ஒரு மனிதர் சாப் 900 இன் கியர்ப்பெட்டியை ஒவ்வொரு ஆணியாகக் கழற்றித் திரும்பப் பூட்டுகிற வீடியோ, நாற்பது நிமிடம் ஓடும், எனக்கு அப்படிப்பட்ட கியர்ப்பெட்டி கழற்ற வேண்டிய தேவை ஒன்றுமில்லை, பார்க்கச் சுகம். படுக்கையறையில் இருந்து கோபிகா, "வயர் போட்டாச்சோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வீடியோ முடியப் போய்ப் போடுவேன், போடப் போகிற ஒன்றுக்குப் போட்டாச்சு என்று சொல்வதில் என்ன பிழை, அப்படித்தான் ஆயிரம் ஓம் சொல்லியிருக்கிறேன். வீடியோ முடிந்ததா என்று தெரியாது, கைபேசி கழுத்தடியில் கிடக்க விடிய எழும்பினேன், அவள் கூப்பிட்டுத்தான் எழும்பினேன். கீழே ஓடி, சாவியைத் திருப்பினால், அது என்ன செய்யும், பாவி, முனகியது, உயிரைக் கொடுத்து முனகியது, ஒரு சுற்று, அரைச் சுற்று, பிறகு டக் டக் என்று மட்டும். இறங்கிப் பார்த்தேன். வயர் கம்பத்தில் சுருட்டியபடி தொங்கியது. நான் சுருட்டியது. மேலே மாடிப்படி லைற் எரிந்தது, அவள் இறங்கி வருகிறாள், சுவரைப் பிடித்துப் பிடித்து வருகிறாள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிழல் தெரிகிறது. நான் என்ன செய்தேன்? அம்புலன்ஸுக்கு அடித்தேனா? அதுவும் செய்தேன், ஆனால் அதற்கு முதல், அதற்கு முதல், கையுறை இல்லாத கையால் அந்த வயரை இழுத்துக் கொண்டுவந்து காரின் மூக்கில் செருகினேன். அதன் பிறகுதான் கைபேசியை எடுத்தேன். ஐந்து செக்கன் இருக்குமா. ஐந்து செக்கனில் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பெண்சாதிக்கு இரத்தம் போகிற நேரத்தில் என் கை முதலில் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். கதவைத் திறந்து வந்தவள் வயரைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், "வயர் போட்டும் ஸ்டார்ட் ஆகேல்லையோ?" என்றாள். மாமாவின் வசனம் மாமாவுடையதில்லை. அவள் கேட்டதுதான். நான் இரண்டாம் தரமும் ஓம் என்றேன்.

டக் டக். கண்ணாடியில் ஐயர். ஒரு கையில் தட்டு, மறு கையில் தேங்காய், வேட்டிக்கு மேலே தடித்த குளிர் ஜக்கெற். கோபிகாவும் பின்னால் வருகிறாள், நெற்றியில் திருநீறு, ஒரு கை வயிற்றுக்குக் கீழே, எட்டாம் மாத நடை. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டு சந்தனத்தைக் குழைத்துக் காரின் நெற்றியில், சின்னம் இருக்கிற இடத்தில் தாராளமாக அப்பினார், முன் கண்ணாடியின் உச்சியில் ஒரு பெரிய பொட்டு, அதற்கு மேல் குங்குமம். டிங். முன் கமரா மறைக்கப்பட்டுள்ளது. டிங். ராடர் மறைக்கப்பட்டுள்ளது. டிங். உடனடியாகச் சுத்தம் செய்யவும். "என்ன தம்பி, அது என்னோடயே கதைக்குது?" என்றார் ஐயர். "சந்தனம் கூடிப்போச்சாம் ஐயா." "கூடினால் நல்லதெண்டு சொல்லுங்கோ." கற்பூரம் கொளுத்தி மூன்று தரம் சுற்றினார், கார் அவரை ஆள் என்று கண்டதோ நெருப்பு என்று கண்டதோ, சிவப்பாக ஒரு மனித உருவம் கண்ணாடியில் துள்ளித் துள்ளி மின்னியது. தேங்காய் உடைத்து ஓரமாக விலகி, "இப்ப முன்னுக்கு எடுங்கோ, மெதுவா, பழம் நசியட்டும்" என்றார். எடுத்தேன். ஓரடி போயிருக்கும், டமார் என்று தானாகப் பிரேக் பிடித்தது, பெல்ட் என் கழுத்தை இறுக்கியது, மாமா "ஐயோ" என்றார், மறுபடி எடுத்தேன், மறுபடி பிடித்தது. தேங்காய்ப் பாதி ஒன்று முன்னால் கிடந்ததாம். "எலுமிச்சம்பழம் நசிஞ்சுதோ?" என்று ஐயர் குனிந்து பார்த்தார். "ஒண்டு நசிஞ்சிருக்கு. மூண்டு தப்பியிருக்கு." அப்போதுதான் அது கேட்டது. கோபிகா சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு, மறுகையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, "ஐயோ, வேண்டாம், நோகுது, சிரிக்க ஏலாது" என்று சிரிக்கிறாள், ஆறு கிழமைக்குப் பிறகு. கடைசியில் ஐயர் பழங்களைக் காலால் மிதித்துவிட்டு, "சரி, ஆண்டவன் ஏற்றுக்கொள்ளுவார்" என்று உள்ளே போய்விட்டார். நான் இறங்கினேன். அவள் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து, "இதோட என்னெண்டு காலம் தள்ளப் போறியளோ" என்றாள். நல்ல முகம். இந்த முகத்தை நான் கெடுக்க மாட்டேன். பதினொன்று நாற்பது. இருபது நிமிடம்தான். இருபது நிமிடம் கழிந்து, வீட்டுக்குப் போய், சோறு சாப்பிட்டு, படுத்து, எழும்பி, ஒருநாளும் சொல்லாமலே இருந்துவிடலாம். மனிதர்கள் இதைவிடப் பெரியதை எல்லாம் மனதுக்குள் வைத்துக்கொண்டு பென்ஷன் எடுக்கிறார்கள்.

பெர்ட்டில் நேரத்துக்கு முன்னமே வந்து நின்றார். பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார், எழுபது வயது இருக்கும், நெட்டை, காதுவரைக்கும் கம்பளித் தொப்பி, கையில் ஒரு பழைய தோல் பை. எங்களிடம் வரவில்லை, நேராகச் சாப்பிடம் போனார், கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைப் பொனெற்றில் வைத்தபடி சுற்றி நடந்தார், டொக்டர் மாதிரி. எங்களுக்குக் கைகொடுத்துவிட்டு, "இரண்டு வைத்திருந்தேன், இரண்டையும் பிள்ளைகள் விற்கச் சொல்லி விற்றேன், அது முட்டாள்தனம்" என்றார் சுவீடிஷில். பிறகு, "இவ்வளவு நல்லாக வைத்திருக்கிறாய், ஏன் விற்கிறாய்?" நான் வாயைத் திறக்க முதல் மாமா திறந்தார். மாமாவுக்கு முப்பத்தைந்து வருஷச் சுவீடிஷ், இலக்கணமில்லை, தடங்கலுமில்லை. "நான் ஒளிக்க மாட்டேன். நேர்மையாகச் சொல்கிறேன். குளிருக்குள் ஸ்டார்ட் ஆகாது. மைனஸ் இருபத்திரண்டு, வயர் போட்டிருந்தது, ஆகவில்லை. என் மகள், கர்ப்பிணி, இரத்தம்." கோபிகா பக்கத்தில் நின்று தலையைக் குனிந்தாள். பெர்ட்டில் புருவத்தைச் சுருக்கினார். "வயர் போட்டிருந்ததா? ஆகாமல் இருக்காதே." தோல் பையைத் திறந்து மீற்றர் ஒன்றை எடுத்து, முழங்காலைப் பிடித்தபடி மெல்லக் குந்தி, காரின் மூக்கில் இரண்டு ஊசியை வைத்துப் பார்த்தார். முள் ஓடியது. "இஞ்சின் ஹீட்டர் நல்லாகத்தான் இருக்கிறது. பொனெற்றைத் திற." திறந்தேன். உள்ளே தலையை விட்டார். "பற்றரி?" "போன வருஷம் மாற்றியது" என்றேன். "வயரிங்கில் எங்கேயாவது?" தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இல்லை. ஸ்டார்ட்டராக இருக்குமோ? ஸ்டார்ட்டருக்குள் ஈரம் போய் உறைந்திருக்கலாம்." மாமா உற்சாகமாக, "அதுதான், அதுவாகத்தான் இருக்கும், பழசுதானே, எல்லாம் உக்கித் துருப்பிடித்திருக்கும்" என்றார். பெர்ட்டில் நிமிர்ந்து, "அப்படியென்றால் ஸ்டார்ட்டரை எடுத்து எறிந்துவிட்டுப் புதிது போடுகிறேன்" என்றார். எனக்கு வாசல் திறந்து கிடந்தது. ஸ்டார்ட்டர். ஓம் என்றால் போதும், மூன்றாவது ஓம். ஆனால் அந்த மனிதர் குளிரில் கை சிவந்துபோய், இல்லாத பிழையை ஒவ்வொரு ஆணியாகத் தேடிக்கொண்டு நிற்கிறார், மாமா அதற்கு மேலும் மேலும் பிழை சேர்த்துக்கொண்டு நிற்கிறார், உக்கல், ஈரம், பழசு, இன்னும் நின்றால் சில்லும் சரியில்லை என்பார், எனக்கு எங்கேயிருந்தோ ஒரு கடுப்பு உச்சிக்கு ஏறியது, யாரில் என்று தெரியாத கடுப்பு. "ஸ்டார்ட்டரில் ஒன்றுமில்லை" என்றேன் சுவீடிஷில். என் குரல் எப்போதும்போல அடங்கித்தான் வந்தது, ஆனால் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "எதிலும் ஒன்றுமில்லை. அன்றைக்கு வயர் போடவில்லை. நான்தான் போடவில்லை."

பெர்ட்டில் "ஆ" என்றார், சின்னதாக, விடை கிடைத்த நிம்மதியில். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மாமா என்னைப் பார்க்கவில்லை, கம்பம் இல்லாத முற்றத்தில் எங்கேயோ கம்பத்தைத் தேடுகிறவர் மாதிரிப் பார்த்தார். கோபிகாதான் கேட்டாள். "என்ன சொன்னனீங்கள்?" அவளுக்குச் சுவீடிஷ் என்னைவிட நன்றாக வரும், அவளுக்கு விளங்கியது. "தமிழில சொல்லுங்கோ." "கோபி..." "சொல்லுங்கோ." "வயர் போடேல்லை." "நான் கேக்க ஓம் எண்டனீங்கள்." "ஓம்." "நான் கீழ வரேக்க வயர் இருந்ததே. நான் கண்டனான். என்ர கண்ணால கண்டனான்." "நீர் வாறதுக்கு முதல் செருகினனான்." அவள் உதடு அசைந்தது, கணக்குப் பார்க்கிறாள், படியில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்ததை, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்தில் நான் குனிந்து நின்றதை. "நான் அந்தப் படியில இருந்து," என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. மாமா, "பிள்ளை, குளிருக்குள்ள நிக்காதை, வா, புதுக் காருக்குள்ள சூடாக் கிடக்கு" என்று அவள் தோளைத் தொட்டார். "அதை நீங்கள் கொண்டு வாங்கோ அப்பா" என்றாள். சாப்பின் பக்கத்துச் சீற்றுக் கதவைத் தானே திறந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் மெல்ல இருந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தாள். "வீட்ட கொண்டுபோய் விடுங்கோ." "கோபி, நான் என்ன சொல்ல வந்தனானெண்டால்..." "வீட்ட விடுங்கோ எண்டு சொன்னனான். வழியில ஒரு சொல் வரக்கூடாது." கதவைச் சாத்தினாள், அந்தப் பழைய பாரமான சத்தம்.

பெர்ட்டிலிடம் மன்னியுங்கள் என்று சொல்ல நினைத்தேன், அவர் அதற்கு முன்பே பொனெற்றை மெல்லச் சாத்திவிட்டு, மீற்றரைப் பைக்குள் வைத்துக்கொண்டு, போ போ என்று கையால் காட்டினார். உள்ளே ஏறினேன். பெல்ட் போட்டேன், ஒருவரும் டிங் சொல்லவில்லை. சீற் ஐஸாக இருந்தது, இரவு முழுக்க மைனஸ் நான்கில் நின்றிருக்கிறது, நேற்று வயரும் இல்லை, கோயில் முற்றத்தில் கம்பமே இல்லை. நடுவில் கை விட்டுச் சாவியைப் போட்டேன், அவளுடைய முழங்கை அங்கே இருந்தது, எடுத்துக்கொண்டாள். ஒருக்காவாவது இருமு. ஒரேயொரு தரம் முனகு, கஷ்டப்படு, எனக்காக இல்லாவிட்டாலும் அந்தக் காலை கொஞ்சமாவது உன்னிலும் பிழை இருந்தது என்று அவளுக்குத் தெரிய ஒரு சத்தம் போடு. திருப்பினேன். தொட்டவுடன் பிடித்தது. கோபிகா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள், நான் ரிவேர்ஸில் இருந்த கியரை எடுத்து முதலாவதில் போட்டேன், இஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.